வண்டி கேள்வி-பதில்: முக்கால் டேங்க் நிரப்பினால் மட்டும் பெட்ரோல் வாடை

கேள்வி: அண்ணே, வணக்கம். என்னிடம் இருப்பது 1992-ல் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். மூன்று முறை சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து வைத்திருக்கிறேன், விற்க மனசு வரவில்லை. சில நாள் வண்டிக்குள் பெட்ரோல் வாடை தலைவலிக்கிற அளவுக்கு அடிக்கிறது, சில நாள் சுத்தமாக இல்லை. ஒரு கடையில் டேங்க் மூடியை மாற்றினார்கள். இன்னொரு கடையில் ஃபியூவல் ஃபில்டரை மாற்றினார்கள். போன மாதம் ஆண்டுப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டது. ஆனால் ஜோகூருக்குக் கிளம்புகிற நாளெல்லாம் வாடை வருகிறது, மனைவி இனி இதில் ஏறமாட்டேன் என்கிறார். கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே தேடுவது?
- ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். ஜோகூருக்குக் கிளம்புகிற நாளெல்லாம் என்கிறீர்களே, அதுதான். உட்லண்ட்ஸ் வழியோ துவாஸ் வழியோ, சிங்கப்பூர் வண்டி மலேசிய எல்லை தாண்ட முக்கால் டேங்க் இருந்தாக வேண்டும், 1991-லிருந்து இருக்கிற விதி. மற்ற நாளில் முப்பது, நாற்பது வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஊருக்குள்ளேயே ஓட்டுவீர்கள், உங்கள் வண்டியின் 45 லிட்டர் டேங்கில் பெட்ரோல் பாதிக்கு மேல் ஏறியே இருக்காது. பரிசோதனைக்கும் அப்படித்தான் போயிருப்பீர்கள், அங்கே யாருக்கும் வாடை வந்திருக்க வாய்ப்பில்லை. பெட்ரோல் உச்சி மட்டத்துக்கு வரும்போது மட்டும் வெளியே வருகிறது என்றால் ஓட்டை டேங்கின் உச்சியில்தான் இருக்கிறது. ஃபில்டர் வண்டிக்கு அடியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது ஒழுகினால் டேங்க் காலாக இருந்தாலும் ஒழுகும், முக்காலாக இருந்தாலும் ஒழுகும். அதை மாற்றியதில் நஷ்டமில்லை, எப்படியும் மாற்ற வேண்டிய சாமான்தான், ஆனால் உங்கள் வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் காசு செலவில்லாத ஒன்றைப் பார்த்துவிடுங்கள். முள் முக்காலைத் தாண்ட வேண்டுமே என்று, பம்பு 'டக்' என்று நின்ற பிறகும் கைப்பிடியை அமுக்கி அமுக்கி ஊற்றுகிற பழக்கம் நம் ஆட்கள் பலருக்கு உண்டு. அப்படி ஊற்றினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய், முன்னால் இருக்கிற கரி டப்பாவை நனைத்துவிடும். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை, நனைந்துவிட்டால் அது செய்யாது, வாடை நாள்கணக்கில் நிற்கும். அடுத்த முறை முதல் 'டக்'கிலேயே நிறுத்துங்கள். அப்படியும் வாடை வந்தால் டேங்கின் மேல்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

எம்எக்ஸ்-5-ல் டேங்க் இருக்கும் இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு மேலே, பூட்டுக்கு (பின்னால் சாமான் வைக்கும் இடம்) முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே எழும்பிக் கலையாது, பள்ளத்தைத் தேடி வழிந்து இருக்கைக்குப் பின்னால் தேங்கும். கூரையை மூடிக்கொண்டு ஓட்டினால் நேராக மூக்குக்கு வரும். கீழே சொட்டு இல்லை என்பதை நம்பாதீர்கள். நம் வெயிலில், டேங்கின் தலையில் கசிகிற பெட்ரோல் தரைக்கு இறங்குவதற்குள்ளேயே காய்ந்துவிடும்.

கூரை மடிந்து உட்காருகிற தட்டில் விரிப்பைத் தூக்கினால், சுற்றிலும் திருகாணி போட்ட ஒரு தகட்டு மூடி தெரியும். அதைக் கழற்றினால் டேங்கின் மேல்முகம், அதில் பெட்ரோல் பம்பைத் தாங்குகிற தட்டு, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஒரு ரப்பர் கேஸ்கெட். பக்கத்திலேயே எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து வருகிற தடித்த ஹோஸும், காற்று வெளியேறும் சின்ன ஹோஸ்களும் சேரும். உங்கள் ஒழுகல் இவற்றில் ஒன்றில் இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். முப்பது வருஷத்துக்கு மேலான ரப்பர், தம்பி. நல்ல கேஸ்கெட்டை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மறுபடி எழும்பும், செத்துப்போனதில் நகம் வழுக்கும். ஹோஸைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் கோடைக் குளத்து மண் மாதிரி மயிர்க்கோடுகள் தெரியும். ஈரம் தெரியாவிட்டாலும் தடம் தெரியும். சுற்றிலும் தூசி படிந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் தூசி கழுவப்பட்டு, ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் பெட்ரோல் அங்கே ஓடிக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை டிஷ்யூத் தாளைக் கிழித்து ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகத் துடைத்து முகர்ந்து பாருங்கள். மொத்தமாக முகர்ந்தால் எங்கும் வாடையாகத்தான் இருக்கும்.

பார்ப்பது டேங்க் நிறைந்திருக்கும்போது, வேலை செய்வது டேங்க் குறைந்திருக்கும்போது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கண்டுபிடித்த பிறகு பெட்ரோலைக் கால் அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் பம்பு தட்டைத் திறக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். இந்த வண்டியில் பேட்டரி பூட்டுக்குள் இருக்கிறது, டேங்குக்குப் பின்னாலேயே. சாவி திருகும்போதும், பேட்டரி கம்பியைத் தவறான நேரத்தில் கழற்றும்போதும் பொறி பறக்கலாம். பெட்ரோலுக்குப் பற்றிக்கொள்ள வெப்பம் வேண்டியதில்லை, சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் அதிலிருந்து தீப்பிடிக்கிற ஆவி வரும். காற்றில் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே போதும், ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அதனால் வீவக (அரசுக் குடியிருப்பு) பலமாடி கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், நிலத்தடியில் நினைத்தும் பார்க்காதீர்கள். காற்றோட்டமான கடை வேண்டும், பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் வேண்டும், விரிப்பையும் தகட்டையும் தூக்கும் முன்பே வாடை இல்லாத நேரத்தில் பேட்டரியின் எர்த் கம்பி கழன்றிருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், பழைய பல்பு விளக்கு கீழே விழுந்து உடைந்தால் அந்தச் சூடான இழையே தீக்குச்சி. டேங்க் வாய் திறந்திருக்கும்போது தூசியை இழுக்க வாக்குவம் கிளீனரை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஓடுகிற மோட்டாரில் ஆவியை ஊட்டுவது. திறக்கும் முன்பே துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முப்பது வருஷத்து மண் டேங்குக்குள் விழும்.

பம்பு லைனைக் கழற்றும் முன் அதில் தங்கியிருக்கிற அழுத்தத்தையும் இறக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது இந்த லைனில் கிட்டத்தட்ட மூன்று பார் அழுத்தம், டயரில் வைக்கிற காற்றைவிட அதிகம். எஞ்சின் நின்ற பிறகும் அது உடனே போகாது. பம்புக்கு மின்சாரம் தருகிற ரிலேயின் இணைப்பை எடுத்துவிட்டு எஞ்சினை அதுவாக அணையும்வரை ஓடவிடுவார்கள், டேங்க் மூடியையும் திறந்து வைப்பார்கள், அதெல்லாம் முடிந்த பிறகுதான் எர்த் கம்பியும் கழற்றலும்.

மாற்றும்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தகட்டை மூடாதீர்கள். வாய் ஹோஸ், காற்று ஹோஸ், அவற்றின் கிளிப் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். கூலி திறப்பதற்குத்தான், ரப்பருக்கு அல்ல. எல்லா ரப்பரும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றது அடுத்த வருஷம் போகும், மறுபடி இதே தகட்டைக் கழற்றுவீர்கள். பம்பு தட்டின் திருகாணிகளைச் சுற்றிப் போகாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுக்க இறுக்கினால் தட்டு வளைந்து புதுக் கேஸ்கெட்டும் கசியும். சாமான் தேடும்போது ஒரு தகவல்: ஜப்பானில் இந்த வண்டி மாஸ்டா பெயரில் வரவில்லை, யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். அந்தப் பெயரில் தேடினால் பல சாமான் கிடைக்கும். நம் யூனோஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, கேட்பவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

முடித்த பிறகு தகட்டை மூடாமல், வெளியே காற்றாட நிறுத்தி, டேங்கை நிரப்பிச் சோதியுங்கள். பானட்டுக்குள் இருக்கிற டயக்னோசிஸ் பெட்டியில் எஃப்பி, ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் எஞ்சின் ஓடாமலேயே பம்பு ஓடும். கம்பியை இணைப்பதும் எடுப்பதும் சாவி அணைந்திருக்கும்போதுதான். அந்த நிலையில் டிஷ்யூத் தாளோடு பின்னாலிருந்து முன்னால்வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கலாம், ஃபில்டரின் இரு முனை, எஞ்சினுக்குப் பின்னால் இரும்புக் குழாயிலிருந்து ரப்பருக்கு மாறும் இடம், நான்கு இன்ஜெக்டரின் (எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் குழல்) தலை, எல்லாம். மெக்கானிக் இதைச் செய்யும்போது கூடவே நின்று பாருங்கள். எஞ்சின் ஓடினால் விசிறிக் காற்றில் சின்னக் கசிவு காய்ந்துவிடும், எஞ்சின் நிற்கும்போதுதான் கண்ணில் படும்.

அதுவரை பாதி டேங்குக்குக் கீழேயே வைத்து, கடைக்குப் போகிற ஓட்டம் மட்டும் ஓட்டுங்கள். ஜோகூர் காத்திருக்கட்டும். மனைவி சொன்னது சரி, அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: என் 1972 டாட்சன் 240இசட்டில் எஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறுகிறது. ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று.
- பாசிர் ரிஸ் வாசகர்

பதில்: ஒழுகல் இருக்கிறது, உள்பக்கமாக. உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவதில்லை, எஞ்சின் தலையின் பக்கத்தில் பொருத்தி, உள்ளே சுழல்கிற கேம் ஒரு நெம்புகோலைத் தள்ளத் தள்ள அதன் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) மேலும் கீழும் போய் உறிஞ்சுகிறது. அந்த டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நெம்புகோல் வழியாக எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு சேரும். இன்னொரு வழியும் உண்டு, கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் பொங்கி, சிலிண்டர் வழியாக இறங்குவது. அப்படியானால் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், கரும்புகை வரும், பிளக் நனைந்திருக்கும். இவை எதுவும் இல்லை, ஆயில் மட்டும் ஏறுகிறது என்றால் பம்புதான் எனக்கு முதல் சந்தேகம். பம்பை மாற்றுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலில் வழவழப்பு போய்விடும், பேரிங் அப்படியே தேயும். மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கேள்வி: அண்ணே, என் பழைய டொயோட்டா எம்ஆர்2-க்கு ஃபியூவல் ஹோஸ் மாற்ற வேண்டும். ஆர்7 போதும், ரப்பர் எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். இணையத்தில் ஆர்9 என்கிறார்கள். விலை இரண்டு மூன்று மடங்கு. உண்மையில் வித்தியாசம் உண்டா?
- ஜூரோங் வாசகர்

பதில்: உண்டு. ஹோஸின் மேலே எஸ்ஏஇ ஜே30 என்ற தரக்குறியை அச்சடித்து அதற்குப் பின்னால் ஆர்6, ஆர்7, ஆர்9 என்று எழுதியிருக்கும். ஆர்6-ம் ஆர்7-ம் கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கும், அழுத்தமில்லாத திரும்பு லைனுக்கும் செய்தவை. ஆர்9 அழுத்தம் அதிகமான இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு, உள்சுவரில் பெட்ரோலும் ஆவியும் எளிதில் ஊடுருவாத ஒரு பூச்சு இருக்கிறது. உங்களுடையது எஞ்சின் நடுவில் இருக்கிற வண்டி, வெப்பம் வெளியேற இடம் குறைவு. பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஒரு முறை எங்கள் கடைக்கு ஒரு வண்டி வந்தது. வேறு எங்கோ ஆறு மாதம் முன்புதான் ஹோஸ் மாற்றியிருந்தார்கள், வெளியே பார்த்தால் கறுகறுவென்று புதுசு. வாடை மட்டும் நிற்கவில்லை. கழற்றி நீளவாக்கில் கத்தியால் பிளந்தேன். உள்சுவர் ஊறிய அப்பளம் மாதிரி வீங்கி, ஓட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது, விரலால் தேய்த்தால் கறுப்பு உதிர்ந்தது. அந்த உதிரல் போய்ச் சேருவது இன்ஜெக்டருக்குள். வண்டிக்காரரிடம் அந்தத் துண்டைக் கையில் கொடுத்தேன், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஹோஸ் மாற்றினால் பழையதைப் பிளந்து காட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன்.

கிளிப்பும் முக்கியம். பல் வெட்டிய சாதாரணப் பட்டைக் கிளிப்பை இறுக்க இறுக்க அதன் துளை ஓரங்கள் ரப்பரைக் கடித்துத் தின்னும். ஓரம் மடித்த, துளையில்லாத இன்ஜெக்‌ஷன் கிளிப் கேளுங்கள். இன்னொன்று, டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கியே இருக்கிற சின்னத் துண்டு ஹோஸுக்கு ஆர்9-ம் உதவாது, அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்குச் செய்ததில்லை. அந்த இடத்துக்கு ஆர்10 என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: ஐயா, என் கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் புளோக்கின் பலமாடி கார்நிறுத்துமிடத்தில் நிற்கிறது. அவர் வேலையாக வெளிநாட்டில் இருக்கிறார். நேற்று வண்டிக்கு அடியில் ஈரம், பெட்ரோல் வாடை மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் போய் ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்துவிடலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சாவியைத் திருகுவதுதான் இந்த நேரத்தில் செய்யக்கூடாத முதல் காரியம். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், அதுவும் வேண்டாம். ஏசி தண்ணீரும் கீழே சொட்டும், ஆனால் அது வண்டி ஓடும்போதும் நிறுத்திய கொஞ்ச நேரத்திலும்தான், அதற்கு வாடை கிடையாது. நாள்கணக்கில் நிற்கிற வண்டிக்கு அடியில் ஈரமும் வாடையும் இருந்தால் பெட்ரோல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ஈரம் பரவியிருந்தாலோ தள்ளி நின்று 995-ஐ அழையுங்கள். இதற்கெல்லாமா கூப்பிடுவது என்று தயங்க வேண்டாம், குடிமைத் தற்காப்புப் படை இருப்பது இதற்கும்தான். ஆவி கனமானது என்று மேலே எழுதினேன், அது சரிவுப்பாதை வழியாகக் கீழ்த் தளத்துக்கு இறங்கும், அங்கே ஒருவர் சிகரெட் பற்றவைக்கலாம். அதனால் உங்கள் தளத்தில் மட்டும் இல்லாமல் கீழேயும் ஆட்களை எச்சரியுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், நம் மழைநீர் வாய்க்கால்கள் பல நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன.

ஆபத்து இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகு, இழுவை வண்டியை அழைக்கும்போதே பெட்ரோல் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுங்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான லாரியோடு வரச் சொல்லுங்கள். உங்கள் கார்நிறுத்துமிடத்தின் உயரத்தையும் சொல்லுங்கள், லாரி உள்ளே நுழையாவிட்டால் வண்டியைக் கீழே கொண்டுவருவது எப்படி என்று அவர்களே ஆளோடும் கருவியோடும் முடிவு செய்வார்கள். கடையில் விட்டதும் கணவரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் மூன்று விஷயம் கேட்டுக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள்: கடைசியாக எவ்வளவு எண்ணெய் ஊற்றினார், ஈரம் முன்பக்கமா பின்பக்கமா, ஹோஸ்களைக் கடைசியாக எந்த வருஷம் மாற்றினார்.